ஹார்லத்தில் ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது: சார்ட்டர் பள்ளியும் நகரப் பள்ளியும்

அமெரிக்காவுக்கு வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் பள்ளியைப் பார்த்துத்தான் வீடு வாங்குகிறார்கள். நியூ ஜெர்சியின் எடிசனிலும் பிளெயின்ஸ்பரோவிலும் ஒரு வீட்டின் விலையில் அந்த ஊர்ப் பள்ளியின் பெயரும் அடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது. அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்களுக்குப் பள்ளித் தேர்வு வீடு வாங்கிய அன்றே முடிந்துவிடுகிறது. நியூயார்க் நகரின் ஹார்லத்தில் அரசு அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, மருத்துவமனைத் துப்புரவு, முதியோர் பராமரிப்பு, கிடங்கு வேலை என்று வாரத்துக்கு வாரம் நேரம் மாறும் பணிகளுக்குப் போகும் ஒரு தாய்க்கு அந்த வழி கிடையாது. பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும் ஆண்டில் அவர் முன் நிற்பது வேறு கேள்வி. நகரக் கல்வித் துறை நடத்தும் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்ப்பதா, குலுக்கலில் பெயர் கொடுத்துச் சார்ட்டர் பள்ளிக்கு முயல்வதா, சார்ட்டர் என்றால் எந்தச் சார்ட்டர்?

ஹார்லத்தில் ஒரு மாலை நேர வாசிப்பு வகுப்பில் தன்னார்வலராக உதவி வருவதால், பனிக்காலம் வந்தாலே இந்தக் கேள்வி என்னிடமும் வந்துவிடுகிறது. சார்ட்டர் பள்ளிகள் அரசுக் கல்வியைக் காக்கின்றனவா அழிக்கின்றனவா என்ற பெரிய வாதத்தை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குறிப்பிட்ட பிள்ளையை, நம் யு.கே.ஜி.க்கு நிகரான கிண்டர்கார்டனில் இந்த ஆண்டு எங்கே சேர்ப்பது என்பதை மட்டுமே பார்க்கிறேன்.

முதலில் சார்ட்டர் பள்ளி எதுவென்று தெளிவாக வேண்டும். அது வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, மதப் போதனை கிடையாது. ஆனால் அதை நடத்துவது நகரக் கல்வித் துறை அன்று. மாநிலத்திடம் உரிமம் பெற்ற ஒரு தனி அறக்கட்டளைக் குழு. நியூயார்க்கில் அந்த உரிமம் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. பிள்ளைகள் தேறவில்லை என்றால் புதுப்பிக்காமல் பள்ளியையே மூடிவிடலாம். இந்த யோசனையை 1988இல் நாடறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷாங்கர் என்னும் ஆசிரியர் சங்கத் தலைவர் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும், ஏனெனில் இன்றைய சார்ட்டர் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் சங்கமே கிடையாது. முதல் சட்டத்தை 1991இல் மின்னசோட்டா மாநிலம் இயற்றியது. நியூயார்க் 1998 இறுதியில் அதைப் பின்பற்றியது; மறு ஆண்டே ஹார்லத்தில் ஒரு சார்ட்டர் பள்ளி திறந்தது. இன்று நியூயார்க் நகரில் பொதுக் கல்வி பெறும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் சார்ட்டர் பள்ளியில் படிக்கிறார். புதிய பள்ளிகளுக்கான உச்சவரம்பை நகரம் 2019இலேயே எட்டிவிட்டது. 2023இல் மாநிலம் 14 உரிமங்களை மட்டும் கூடுதலாக விடுவித்தது. ஆகவே இப்போது இருக்கும் பள்ளிகளிலிருந்தே ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

சார்ட்டர் என்று சொன்னதுமே ஹார்லத்தில் எல்லார் வாயிலும் வருவது சக்சஸ் அகாடமி. நகர மன்ற உறுப்பினராக இருந்த ஈவா மாஸ்கோவிட்ஸ் 2006இல் இதைத் தொடங்கினார். முதல் பள்ளி 118ஆம் தெருவில் ஒரு பழைய நகரப் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே அமைந்தது. நியூயார்க்கில் இப்படி ஒரே கட்டடத்தில் இரண்டு, மூன்று பள்ளிகள் இயங்குவது வழக்கம். வாசல்கள் வேறு, மாடிப்படிகள் வேறு, உணவுக்கூடமும் உடற்பயிற்சிக்கூடமும் மட்டும் பொது; முறை வைத்துப் பயன்படுத்துவதால் சில வகுப்புப் பிள்ளைகள் காலை பத்தரை மணிக்கே மதிய உணவு சாப்பிட வேண்டியிருக்கும். ஆரஞ்சும் நீலமுமாகச் சீருடை அணிந்த பிள்ளைகள் ஒரு வாசலிலும், கலவையான உடைகளில் மற்றப் பிள்ளைகள் இன்னொரு வாசலிலும் நுழைவதைத் தெருவில் நின்று பார்க்கும் பெற்றோருக்கு, நல்ல பள்ளி எது என்ற முடிவு அங்கேயே ஏற்பட்டுவிடுகிறது. அவசரப்பட வேண்டாம் என்றுதான் நான் அவர்களிடம் சொல்வேன்.

சக்சஸ் அகாடமியின் தேர்வு முடிவுகளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு மாநிலத் தேர்வில் அதன் மாணவர்களில் 98 விழுக்காட்டினர் கணிதத்திலும் 91 விழுக்காட்டினர் ஆங்கிலத்திலும் தேறினர்; அதே ஆண்டு நகரம் முழுவதிலும் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. இவை ஏழைக் குடும்பத்துக் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீனோ பிள்ளைகளும் பெரும்பான்மையாகப் படிக்கும் பள்ளிகள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் கனம் புரியும். இது வெறும் மனப்பாடப் பயிற்சியால் வந்ததுமன்று. கிண்டர்கார்டனிலேயே நாள்தோறும் அறிவியல் வகுப்பு உண்டு, சதுரங்கம் உண்டு. கணித வகுப்பில் பிள்ளை விடையைச் சொன்னால் போதாது, எப்படி வந்தது என்று எழுந்து விளக்க வேண்டும். வேறு வழியில் போட்ட இன்னொரு பிள்ளை அதை மறுத்துப் பேச வேண்டும். தரைவிரிப்பில் சம்மணமிட்டு, கைகளைக் கோத்து மடியில் வைத்து, பேசுபவர் முகத்தையே பார்த்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளை முதன்முறை பார்ப்பவருக்கு அந்த ஒழுங்கு சற்றுத் திகைப்பைத் தரும். பல பெற்றோர் அந்த ஒழுங்குக்காகவே வருகிறார்கள். கூச்சலில்லாத வகுப்பறை தங்கள் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்ற அவர்களது விருப்பத்தைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. 2015இல் புரூக்ளினில் உள்ள அதன் கிளையொன்றில், பள்ளியைவிட்டுப் போக வேண்டியவர்கள் என்று 16 பிள்ளைகளின் பெயர்களை முதல்வர் பட்டியலிட்டிருந்தது நாளிதழ்ச் செய்தியாக வெளிவந்தது. அது தவறு என்று நிறுவனத் தலைமை ஒப்புக்கொண்டது. எங்கள் வழக்கம் அதுவன்று என்றும் கூறியது. பட்டியல் போட்டது ஒரு முதல்வரின் தவறாகவே இருக்கட்டும். பட்டியல் இல்லாமலும் இதே விளைவு ஏற்படலாம். ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பில் அடம்பிடித்தால், நண்பகலில் வந்து அழைத்துச் செல்லுமாறு தாய்க்குத் தொலைபேசி வருகிறது. மணிக்கணக்கில் கூலி பெறும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். நான்கு முறை அப்படி நடந்தபின் அவரே பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுகிறார். யாரும் யாரையும் நீக்கவில்லை. 2018இல் இந்த நிறுவனத்திலிருந்து முதன்முறையாக உயர்நிலைப் படிப்பை முடித்து வெளிவந்தவர்கள் 16 பேர். ஆரம்ப வகுப்புகளில் அந்த அணியில் சேர்ந்தவர்கள் எழுபதுக்கும் மேல். ஏழைக் குடும்பங்கள் அடிக்கடி வீடு மாறுவதால் நகரப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். வேறுபாடு காலியான இடத்தில் இருக்கிறது. நகரப் பள்ளி ஆண்டின் நடுவிலும் எந்த வகுப்பிலும் புதிய பிள்ளையைச் சேர்த்தாக வேண்டும். சக்சஸ் அகாடமியோ பல ஆண்டுகளாக நான்காம் வகுப்புக்குமேல் புதியவர்களை எடுக்காமல் இருந்தது. மேல்வகுப்புத் தேர்வு முடிவுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதால்தான் சார்ட்டர் பள்ளிகள் நன்றாகத் தெரிகின்றனவா? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் நேர்மையான ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே மாதிரிக் குடும்பங்கள். இரு சாராரும் விண்ணப்பித்தவர்கள், இரு சாராருக்கும் அக்கறை உண்டு. ஆகவே பின்னாளில் அவர்களுக்கிடையே தெரியும் வேறுபாடு பள்ளியால் வந்தது. கரோலின் ஹாக்ஸ்பி 2009இல் நியூயார்க் நகரக் குலுக்கல்களை வைத்துச் செய்த ஆய்வு, இடம் கிடைத்தவர்கள் தெளிவாக முன்னேறியதைக் காட்டியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரீடோ மையம் ஒத்த மாணவர்களை இணைத்துப் பார்க்கும் வேறொரு முறையில் 41 நகரப் பகுதிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட அறிக்கையில், சார்ட்டர் மாணவர்கள் ஆண்டொன்றுக்கு ஆங்கில வாசிப்பில் 28 நாள், கணிதத்தில் 40 நாள் கூடுதலாகக் கற்றதற்கு நிகரான முன்னேற்றம் பெறுவதாகக் கணக்கிட்டது. நாடு முழுவதற்குமான அதன் 2023 அறிக்கையில் அந்த அளவு வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் என்ற சிறிய ஆதாயமாகவே இருந்தது. நகர்ப்புற ஏழைப் பிள்ளைகளுக்கு இப்பள்ளிகள் கூடுதலாக உதவுகின்றன, மற்ற இடங்களில் அவ்வளவாக இல்லை என்பதே இவற்றிலிருந்து நான் கொள்ளும் பொருள்.

இன்னும் பயனுள்ளது வில் டாபியும் ரோலண்ட் ஃபிரையரும் நியூயார்க் நகரின் 35 சார்ட்டர் பள்ளிகளுக்குள் புகுந்து, எது பிள்ளைகளை முன்னேற்றுகிறது என்று பார்த்த ஆய்வு. வகுப்பின் அளவு, ஒரு பிள்ளைக்கான செலவு, ஆசிரியரின் சான்றிதழ் ஆகியவை பள்ளியின் பலனோடு தொடர்புபடவில்லை. ஆசிரியருக்கு அடிக்கடி கிடைக்கும் பின்னூட்டம், பிள்ளையின் தேர்ச்சியைப் பார்த்துப் பாடத்தை மாற்றுவது, சிறு குழுவில் அடிக்கடி நடக்கும் தனிப்பயிற்சி, கூடுதல் பாட நேரம், பிள்ளையால் முடியும் என்ற உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகிய ஐந்தும்தான் தொடர்புபட்டன. இந்த ஐந்தில் எதுவும் சார்ட்டர் உரிமத்தோடு பிறந்ததன்று. ஒரு நகரப் பள்ளி இவற்றைச் செய்யலாம்; ஒரு சார்ட்டர் பள்ளி செய்யாமலும் விடலாம். ஆகவே வாசலில் எழுதியிருக்கும் பெயரைவிட, பிள்ளைக்குப் புரியாமல் போன மறுநாள் அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் தாய் விசாரிக்க வேண்டும்.

தேர்வு மதிப்பெண்ணுக்கு அப்பால் என்ன கிடைக்கிறது என்பதில் சான்றுகள் ஒரு திசையில் நிற்கவில்லை. அதே இரண்டு ஆய்வாளர்கள் டெக்சாஸ் மாநிலத்தில் பார்த்தபோது, கண்டிப்பான சார்ட்டர் பள்ளிகள் மதிப்பெண்ணையும் கல்லூரிச் சேர்க்கையையும் உயர்த்தின, ஆனால் பின்னாள் வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மறுபக்கம் கிப் பள்ளிகள் இருக்கின்றன. 1994இல் ஹூஸ்டனில் இரு இளம் ஆசிரியர்கள் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு 1995 முதல் தெற்கு பிராங்க்ஸிலும் பின்னர் ஹார்லத்திலும் பள்ளிகள் உண்டு. அதன் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் இரண்டிலும் படித்தவர்கள் நான்காண்டுக் கல்லூரிப் பட்டம் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாவதாக 2023இல் வெளியான குலுக்கல் ஆய்வு கூறியது. கண்டிப்பை அடையாளமாகக் கொண்டிருந்த கிப், 2020இல் தன் பழைய முழக்கத்தைக் கைவிட்டு ஒழுங்கு முறைகளையும் மறுபரிசீலனை செய்தது. ஹார்லத்துப் பெற்றோர் பலர் இப்போது அதைச் சக்சஸ் அகாடமியைவிடச் சற்று இறுக்கம் குறைந்த இடமாகக் கருதுகிறார்கள். கிளைக்குக் கிளை மாறுபடும் என்பதால் நேரில் போய்ப் பார்க்காமல் இதை ஏற்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஹார்லத்தில் மிகச் சிறந்த ஏற்பாடு ஹார்லம் சில்ட்ரன்ஸ் சோன் நடத்தும் பிராமிஸ் அகாடமிதான். ஜெஃப்ரி கனடா உருவாக்கிய இந்த நிறுவனம் 97 தெருப்பகுதிகளை ஒரே வட்டாரமாக எடுத்துக்கொண்டு, பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெற்றோருக்கு வகுப்பு நடத்துவதில் தொடங்கி, கல்லூரி வரை கூடவே வருகிறது. 2004இல் தொடங்கிய பள்ளி இன்று செயின்ட் நிக்கோலஸ் ஹவுசஸ் என்னும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுவிலேயே சொந்தக் கட்டடத்தில் நிற்கிறது. குடியிருப்பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளி வாசல் தெரியும். பள்ளி நாள் நீளம், ஆண்டும் நீளம், மருத்துவரும் உண்டு, மாலை நேரக் கவனிப்பும் உண்டு. இரண்டரை மணிக்கு விடும் பள்ளிக்கும் ஆறு மணிக்கு முடியும் வேலைக்கும் இடையே பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று தவிக்கும் தாய்க்கு, பாடத்திட்டத்தைவிட இது பெரிய உதவி. 2011இல் வெளியான குலுக்கல் ஆய்வு, இங்கே இடம் பெற்ற கறுப்பினப் பிள்ளைகள் கணிதத்தில் வெள்ளையினப் பிள்ளைகளுடனான இடைவெளியை மூடும் அளவுக்கு முன்னேறியதைக் காட்டியது. பின்வந்த ஆய்வில், இடம் பெற்ற பெண் பிள்ளைகள் பதின்ம வயதில் கருவுறுவதும் ஆண் பிள்ளைகள் சிறைக்குப் போவதும் குறைந்திருந்தன. இங்கும் கசப்பான பக்கம் உண்டு: முதல் அணி எட்டாம் வகுப்பை முடித்த 2007இல், முடிவுகள் போதவில்லை என்று உயர்நிலை வகுப்பைத் திறப்பதைத் தள்ளிப்போட்டு, அந்தப் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். எனினும் பெரிய குறை இடப்பற்றாக்குறையே. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே அந்நிறுவனத்தின் பெற்றோர் வகுப்புகளில் சேர்ந்து, குலுக்கல் எப்போது நடக்கும் என்று விசாரித்து வைப்பது நல்லது. நான்கரை வயதில் கேட்க வருபவருக்குப் பெரும்பாலும் காத்திருப்புப் பட்டியல்தான் கிடைக்கிறது.

இனி நகரப் பள்ளி. சார்ட்டர் ஆதரவாளர்கள் வர்ணிக்கும் பாழடைந்த இடமாக அதை நினைத்துக்கொண்டு ஒதுக்குவது பெரிய தவறு. அண்மைக் காலத்தில் அங்கே இரண்டு முக்கியமான மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2023இல் தொடங்கி நகரத்தின் 32 வட்டாரங்களிலும் ஆரம்ப வாசிப்புக்கு, எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிக்கும் பாடத்திட்டங்கள் மூன்றில் ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் பழைய பழக்கத்தால் மூன்றாம் வகுப்பிலும் திக்கித் திணறிய பிள்ளைகளோடு உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன். இரண்டாவது, 2022இல் கையெழுத்தான வகுப்பளவுச் சட்டம். 2028க்குள் நகரப் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 20 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. சார்ட்டர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வகுப்பளவு முக்கியமில்லை என்று சற்று முன் சொன்ன ஆய்வு கூறுகிறதே என்று கேட்கலாம். அது சார்ட்டர் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. 1980களில் டென்னசி மாநிலம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் சிறிய, பெரிய வகுப்புகளாகப் பிரித்து நடத்திய சோதனையில், ஆரம்ப வகுப்புகளில் சிறிய வகுப்பு உதவியது. ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கூடுதலாகவே உதவியது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் டென்னசியின் பக்கமே நிற்பேன்.

நகரப் பள்ளி என்பதும் ஒரே வகையானதன்று. கிழக்கு ஹார்லத்தில் டெபரா மையர் 1974இல் தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் பள்ளி, சார்ட்டர் சட்டத்துக்கு இரண்டு தலைமுறை மாணவர்களுக்கு முன்பே, நகரத் துறைக்குள் இருந்துகொண்டே சிறிய அளவில், பிள்ளையின் ஆர்வத்தைப் பின்பற்றிக் கற்பிக்க முடியும் என்று காட்டியது. பக்கத்துப் பள்ளியாக இல்லாவிட்டாலும் பெற்றோர் விரும்பிக் கேட்கக்கூடிய அத்தகைய விருப்பப் பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதே பல தாய்மாருக்குத் தெரிவதில்லை. சார்ட்டர் பள்ளிகள் தபாலில் வண்ணத் தாள்களை வீட்டுக்கே அனுப்புகின்றன. நகரப் பள்ளிகள் அனுப்புவதில்லை. அதற்கு ஒதுக்கப் பணமுமில்லை. பிள்ளைகள் குறையக் குறைய, தலைக்கு இவ்வளவு என்று வரும் ஒதுக்கீடும் குறைகிறது. இசை ஆசிரியர் போகிறார், பின் நூலகர் போகிறார். மத்திய ஹார்லத்தின் சில நகரப் பள்ளிகள் இந்தச் சுழலில்தான் சிக்கியிருக்கின்றன. உங்கள் பிள்ளையைச் சார்ட்டரில் சேர்த்தால் எஞ்சிய பிள்ளைகளுக்குத்தான் நட்டம் என்று ஒரு தாயிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அதைச் சுமக்க வேண்டியவர்கள் மாநிலமும் நகரமும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், முடிவைத் திருப்பிப்போடக்கூடிய ஒன்று இருக்கிறது: பிள்ளைக்குச் சிறப்புக் கவனிப்பு தேவையா என்பது. பேச்சு தாமதம், கவனக்குறைவு, மதியிறுக்கம் என்று எதுவாயினும், அதனால் சிறப்புக் கல்வி தேவை என்று மதிப்பீட்டில் உறுதியானால், கூட்டரசுச் சட்டத்தின்படி அந்தப் பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும். சார்ட்டர் பிள்ளைக்கும் அதை எழுதுவது நகரத் துறையின் குழுவே. திட்டத்தில் வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி என்றோ, இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் கலப்பு வகுப்பு என்றோ இருந்தால் பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகள் அதைச் செய்கின்றன. சில நன்றாகவே செய்கின்றன. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் கொண்ட தனி வகுப்பு என்று திட்டத்தில் எழுதப்பட்டால் நிலைமை மாறுகிறது. பல சார்ட்டர் பள்ளிகளில் அத்தகைய வகுப்பே இல்லாததால், பிள்ளை நகரப் பள்ளிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதுவும் பழகிய ஆசிரியரையும் தோழர்களையும் விட்டுவிட்டு, ஆண்டின் நடுவில். 2010இல் திருத்தப்பட்ட மாநிலச் சட்டம், மாற்றுத்திறன் பிள்ளைகளையும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளையும் போதிய எண்ணிக்கையில் சேர்க்கவும் தக்கவைக்கவும் சார்ட்டர் பள்ளிகளுக்கு இலக்கு விதித்தது. ஆனாலும் கடுமையான தேவையுள்ள பிள்ளைகளின் பெரும்பகுதியை இன்றும் நகரப் பள்ளிகளே ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே பிள்ளைக்கு இப்படி ஒரு தேவை இருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், விண்ணப்பத்துக்கு முன்பே நகரத் துறையிடம் மதிப்பீடு கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வாயால் கேட்டால் நாள் ஓடாது. கடிதத்துக்குப் பிறகு, மதிப்பீட்டுக்கு நீங்கள் எழுத்தில் ஒப்புதல் தந்த தேதியிலிருந்துதான் அவர்களுக்குக் கெடு ஓடும்.

நிலையான வீடில்லாத குடும்பங்களுக்கும் ஒரு சொல். நியூயார்க் நகரில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் காப்பகங்களிலோ உறவினர் வீடுகளில் நெருக்கியடித்தோ வாழ்கிறார்கள். அவர்கள் எங்கே மாற்றப்பட்டாலும் பழைய பள்ளியிலேயே தொடர்வதற்குக் கூட்டரசுச் சட்டம் உரிமை தருகிறது, சார்ட்டர் பள்ளிக்கும் அது பொருந்தும். ஆனால் பிராங்க்ஸ் காப்பகத்திலிருந்து ஹார்லத்தில் காலை ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்கு நாள்தோறும் வருவது உரிமையால் மட்டும் ஆவதன்று. தாமதத்தைக் குற்றமாக எண்ணும் பள்ளி இத்தகைய பிள்ளைக்கு ஏற்றதல்ல.

கத்தோலிக்கப் பள்ளிகள் மூன்றாவது வழியாக ஒரு காலத்தில் ஹார்லத்தில் பரவலாக இருந்தன. இன்று பல மூடப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றில் கட்டணம் உண்டு, நியூயார்க்கில் அதற்கு அரசு உதவித்தொகை இல்லை. உதவி செய்யும் திருச்சபை கிடைத்தாலொழிய இந்தக் குடும்பங்களுக்கு அது நடைமுறையில் இல்லை.

எல்லாவற்றையும் எடைபோடும்போது எனக்கு முதன்மையாகப் படுவது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே. சார்ட்டர் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு ஆண்டின் எந்த நாளிலும் நகரத் துறை ஓர் இடம் தந்தாக வேண்டும். எதிர்த்திசையில் அப்படி இல்லை. கிண்டர்கார்டன்தான் அகலமான வாசல், ஆண்டுகள் போகப் போக இடம் அருகி, சில நிறுவனங்களில் முழுதாகவே அடைபடுகிறது. விண்ணப்பிக்கச் செலவில்லை, குலுக்கலில் பெயர் கொடுப்பதால் நகரப் பள்ளியில் உள்ள உரிமையும் போவதில்லை. ஏப்ரல் 1க்குள் விண்ணப்பித்தால் குலுக்கலில் பெயர் சேரும். அதே வட்டாரத்தில் குடியிருப்பவருக்கும், உடன்பிறந்தவர் ஏற்கெனவே படிப்பவருக்கும் முன்னுரிமை உண்டு. ஆகவே சிறப்புத் தேவை இல்லாத பிள்ளையின் தாய்க்கு நான் சொல்வது இது. பிராமிஸ் அகாடமிக்கும் கிப்புக்கும் பெயர் கொடுங்கள். பள்ளி அழைத்தால் பகலில் போக வீட்டில் ஒருவராவது இருந்தால், பிள்ளையும் உட்கார்ந்து கவனிக்கும் இயல்புடையவராக இருந்தால், சக்சஸ் அகாடமிக்கும் கொடுங்கள். அதே பனிக்காலத்தில் நகரப் பள்ளி விண்ணப்பத்தில் பக்கத்துப் பள்ளியோடு ஒன்றிரண்டு விருப்பப் பள்ளிகளையும் வரிசைப்படுத்துங்கள். பகலில் யாராலும் வர முடியாத குடும்பத்துக்கும், துறுதுறுவென்று ஓடியாடும் பிள்ளைக்கும், மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் மிகக் கண்டிப்பான சார்ட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதன் தேர்வு முடிவுகள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது அலங்கரித்த நடைபாதையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வகுப்பறைக் கதவோரம் நின்று, தவறாக விடை சொன்ன பிள்ளைக்கு அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடந்த ஆண்டு கிண்டர்கார்டனில் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது முதல் வகுப்பில் இங்கேயே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இளம் ஆசிரியர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்து விலகுவது பல சார்ட்டர் பள்ளிகளின் உண்மையான பலவீனம். இந்தக் கேள்விகளுக்கு எண்ணாக விடை சொல்லும் முதல்வரை நம்பலாம், அவர் எந்த வகைப் பள்ளியை நடத்தினாலும்.

கடைசியாக, செப்டம்பரில் வரும் தொலைபேசி அழைப்பு. காத்திருப்புப் பட்டியல் கோடை முடிந்தபின்னும் நகர்ந்துகொண்டிருப்பதால், பிள்ளை நகரப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆனபின், சார்ட்டரில் இடம் இருக்கிறது, நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று அழைப்பு வரலாம். பிராமிஸ் அகாடமியாக இருந்தால் நான் மாற்றச் சொல்வேன்; அங்கே கிடைக்கும் நீண்ட நாளும் மருத்துவமும் இரண்டு வாரப் பழக்கத்தைவிடப் பெரியவை. மற்றச் சார்ட்டராக இருந்தால், நகரப் பள்ளி ஆசிரியர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே உங்களிடம் சொல்லியிருந்தால், அங்கேயே விட்டுவிடுங்கள். சொல்லாவிட்டால், அன்று மாலையே போய்ச் சார்ட்டர் பள்ளியின் கிண்டர்கார்டன் ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவு சொல்லுங்கள்.